கரிச் சுரங்கத்தில் ஒரு காட்சிசாலை

இந்த முறை உங்களை ஒரு காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறேன்.

காட்சிசாலை என்றதும் மன்னரின் மணிமுடி, துருப்பிடித்த வாள், பாடம் செய்த புலி என்று கற்பனை செய்துவிடாதீர்கள். இங்கே இருப்பவை நாற்காலி, தேநீர்க் கேத்தல், தண்ணீர்க் குழாய், மிதிவண்டி, தொலைபேசி, மேசை விளக்கு. கடைகளில் விலை போட்டு விற்கிறார்களே, அதே சாமான்கள்தாம். "இதைப் பார்க்கவா விமானம் ஏறிப் போனீர்கள்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சாமான்களை மட்டும் பார்க்கப் போகவில்லை. அவற்றை வைத்திருக்கும் இடத்தைப் பார்க்கப் போனேன். அது ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கொதிகலன் கூடம். தீயும் புகையும் கரித்தூசியுமாக இருந்த இடத்தில் இன்று பளபளவென்று புதுச் சாமான்கள் நிற்கின்றன.

ஊரின் பெயர் எஸ்ஸன். ஜெர்மனி நாட்டின் மேற்குப் பகுதியில், ரூர் வட்டாரத்தில் இருக்கிறது. ஈயம் என்றால் நமக்குக் கிந்தா பள்ளத்தாக்கு நினைவுக்கு வருவதுபோல, நிலக்கரி என்றால் ஜெர்மானியர்களுக்கு ரூர் நினைவுக்கு வரும். ரயிலைவிட்டு இறங்கிவிட்டோம். வாருங்கள், முதலில் நகரத்துக்குள் கொஞ்சம் நடப்போம். சுரங்கத்துக்குப் போகுமுன் நீங்கள் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

தொழுகை நின்ற ஆலயம்

நகர மன்றத்துக்கு அருகில் பெரிய கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. கோட்டை போன்ற சுவர், உச்சியில் குவிமாடம். இது எஸ்ஸன் நகரத்து யூத மக்கள் 1913ஆம் ஆண்டு கட்டி முடித்த தொழுகை ஆலயம். 25 ஆண்டுகள்தாம் அங்கே நிம்மதியாகத் தொழுதார்கள். 1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி இரவு, ஹிட்லரின் நாஜிகள் ஜெர்மனி முழுவதும் யூத ஆலயங்களுக்குத் தீ வைத்தபோது இதன் உட்புறமும் எரிந்தது. கல் சுவர்கள் மட்டும் அசையவில்லை. போரின் குண்டுவீச்சில் சுற்றுவட்டாரமே தரைமட்டமானபோதும் அவை நின்றன. ஆனால் தொழுவதற்கு ஆட்கள் இல்லை. தப்பி ஓடியவர்கள் போக, பிடிபட்டவர்கள் முகாம்களுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள்.

போர் முடிந்து பல ஆண்டுகள் கட்டடம் வெறுமனே கிடந்தது. பிறகு நகர மன்றம் அதை வாங்கி, 1961ஆம் ஆண்டு ஒரு கண்காட்சி திறந்தது. என்ன கண்காட்சி தெரியுமா? நல்ல வடிவத்தில் செய்த தொழிற்சாலைப் பொருள்களின் கண்காட்சி! தொழுகை நடந்த கூடத்தில் வீட்டுச் சாமான்களும் மின்சாரச் சாமான்களும் வரிசை வரிசையாக நின்றன. எரிந்த உட்புறத்தைப் புதுச் சுவரும் புதுக் கூரையும் போட்டு மறைத்தாயிற்று. உள்ளே வந்தவர்கள் சாமான்களைப் பார்த்தார்கள், "நன்றாக இருக்கிறது" என்றார்கள், போனார்கள். இங்கே யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அந்தக் கூடத்துக்குள் கேட்கத் தோன்றாதபடி எல்லாம் மூடப்பட்டிருந்தது.

18 ஆண்டுகள் இப்படியே ஓடின. 1979ஆம் ஆண்டு மின்கசிவால் தீப்பிடித்து அந்தக் கண்காட்சி எரிந்துபோனது. அதன் பிறகுதான் நகரத்தார் யோசித்தார்கள். 1980ஆம் ஆண்டு அது நினைவிடம் ஆயிற்று. 2010 முதல் யூதப் பண்பாட்டு இல்லமாக இருக்கிறது. இன்று உள்ளே போனால் அங்கே வாழ்ந்தவர்களின் கதையைத் தெரிந்துகொள்ளலாம்.

கேத்தலிலும் நாற்காலியிலும் குற்றமில்லை, நேயர்களே. ஒரு பழைய கட்டடத்துக்குள் புதிதாக எதையும் வைக்கலாம். ஆனால் அங்கே இருந்தவர்களை மறந்துவிட்டு வைத்தால் அது இன்னொரு முறை அவர்களை வெளியேற்றியது போலத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள், டிராம் ஏறுவோம்.

107ஆம் எண் டிராம்

ரயில் நிலையத்திலிருந்து 107ஆம் எண் டிராம் வடக்கே போகிறது. கடைத்தெரு மறைந்து, வேலைக்காரர் குடியிருப்புகள் வரத் தொடங்கும். சற்று நேரத்தில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஓர் இரும்புக் கோபுரம் தலை காட்டும். உயரம் 55 மீட்டர். உச்சியில் பெரிய பெரிய சக்கரங்கள். சுரங்கத்திலிருந்து கரியை மேலே இழுத்த கோபுரம் அது. பெயர் சொல்பரைன் சுரங்கம், 12ஆம் குழி.

இந்தச் சுரங்கத்தை 1847ஆம் ஆண்டு தொடங்கியவர் பிரான்ஸ் ஹானியல் என்ற தொழிலதிபர். 1851 முதல் கரி வெட்டினார்கள். 12ஆம் குழி 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 12,000 டன் கரி வெளியே வந்ததாம்! அம்மாடியோ என்று வாய் பிளக்கிறீர்கள் அல்லவா? அந்தக் காலத்தில் உலகமே அப்படித்தான் வாய் பிளந்தது. பிரிட்ஸ் ஷூப், மார்ட்டின் கிரெம்மர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள், இரும்புச் சட்டமும் செங்கல்லும் கொண்டு, கோடு போட்டதுபோல நேர் நேராக எல்லாக் கட்டடங்களையும் எழுப்பினார்கள். உலகத்திலேயே அழகான சுரங்கம் என்று இதைச் சொல்வார்கள்.

அழகு இருந்து என்ன செய்ய? கரிக்குக் காலம் மாறியது. எண்ணெய் வந்தது, வெளிநாட்டுக் கரி மலிவாக வந்தது. 1986ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, சுரங்கம் மூடப்பட்டது. அருகே கரியைச் சுட்டு உலைக்குத் தயார்செய்த ஆலையும் 1993ஆம் ஆண்டு நின்றது. தோட்டத்தில் கடைசிப் பெரட்டு எடுத்த நாள் நினைவிருப்பவர்களுக்கு, அந்த டிசம்பர் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி எதற்கு இது, இடித்து இரும்புக்குப் போட்டுவிடலாம் என்பதுதான் இப்படிப்பட்ட இடங்களுக்கு வழக்கமாக வரும் முடிவு. ஆனால் இங்கே மாநில அரசு 12ஆம் குழியை வாங்கி, காப்பாற்ற வேண்டிய சின்னம் என்று அறிவித்தது. 15 ஆண்டுகள் கழித்து, 2001ஆம் ஆண்டு, யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கொதிகலன் கூடம்

இதோ வந்துவிட்டோம். 1997ஆம் ஆண்டு நார்மன் பாஸ்டர் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இந்தக் கொதிகலன் கூடத்தைக் காட்சிசாலையாக மாற்றிக் கொடுத்தார். 'ரெட் டாட்' வடிவமைப்புக் காட்சிசாலை என்று பெயர். சிவப்புப் புள்ளி என்று பொருள். பழைய யூத ஆலயத்தில் கண்காட்சி நடத்திய அமைப்பின் வழியில் வந்ததுதான் இது. ஆண்டுதோறும் பல நாட்டு நிறுவனங்கள் தங்கள் பொருள்களைப் போட்டிக்கு அனுப்புகின்றன. நடுவர்கள் தேர்ந்தெடுத்தவற்றுக்குச் சிவப்புப் புள்ளி விருது. அப்படி விருது பெற்ற சுமார் 2,000 பொருள்கள் இங்கே இருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் கண் எங்கே போவது என்று தெரியாமல் திகைக்கிறது. மேலே கரி படிந்த இரும்புத் தூண்கள், தடித்த குழாய்கள், துருவேறிய ஏணிகள். கீழே வெள்ளை வெளேரென்று ஒரு தண்ணீர்க் குழாய், நூல் போல மெல்லிய ஒரு விளக்கு. ஒரு கொதிகலனை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். கையை நீட்டினால் அந்தப் பழைய இரும்பைத் தொடலாம். பூசி மெழுகி மறைக்கவில்லை. ஆலயத்தில் செய்த தவற்றை இங்கே செய்யவில்லை என்று எனக்குப் பட்டது.

'வடிவமைப்பு' என்றால் என்ன என்று வீட்டுப் பெண்கள் கேட்கக்கூடும். பூ வேலையும் பளபளப்பும் அல்ல. ஒரு கேத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். பிடி சுடக் கூடாது. ஊற்றினால் சிந்தக் கூடாது. வயதானவர் தூக்கினாலும் மணிக்கட்டு வலிக்கக் கூடாது. கழுவும்போது மூலையில் அழுக்கு நிற்கக் கூடாது. இத்தனையையும் யோசித்துச் செய்த கேத்தல் தானாகவே அழகாக இருக்கும். இதுதான் சங்கதி.

ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஒரு சிறிய அட்டை இருக்கிறது. செய்த நிறுவனம் எது, வடிவம் கொடுத்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். நான் பழைய கொதிகலனைத் திரும்பிப் பார்த்தேன். பகலும் இரவும் அதற்குத் தீ மூட்டியவர்கள் யாராக இருப்பார்கள்? கேத்தலுக்கு அட்டை உண்டு. அவர்களுக்கு எங்கே அட்டை? இந்தக் கேள்வியோடுதான் அடுத்த கட்டடத்துக்குப் போனேன்.

கரி இறங்கிய வழியில்

அடுத்த கட்டடம் கரி கழுவும் ஆலை. இப்போது அது ரூர் அருங்காட்சியகம். 2010ஆம் ஆண்டு திறந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் நீண்ட நகரும் படிக்கட்டு ஒன்று உங்களை 24 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும். ஏன் அப்படி என்றால், கரியும் அந்த ஆலையில் மேலே ஏற்றப்பட்டு, கழுவி, பிரித்து, கீழே இறங்கியது. கரி போன வழியில் நாமும் போகிறோம். மாடிப்படியில் உருகிய இரும்பு போல ஆரஞ்சு வெளிச்சம்.

இங்கேதான் என் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. இங்கே மனிதர்களின் கதை இருக்கிறது. ரூர் சுரங்கங்களுக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1870ஆம் ஆண்டுகளிலிருந்து கிழக்கே போலந்து பேசும் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். போருக்குப் பிறகு இத்தாலியிலிருந்து, 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் துருக்கியிலிருந்து வந்தார்கள். நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள் அல்லவா? அதே கதை, வேறு மொழி. இந்த வளாகத்தைச் சுற்றிக் காட்டும் வேலையைப் பழைய சுரங்கத் தொழிலாளர்களும் செய்திருக்கிறார்கள். புத்தகத்தில் படித்தவர் சொல்வது வேறு, முதுகு வளைத்தவர் சொல்வது வேறு.

சுரங்கத் தொழிலாளர்கள் குளித்து உடை மாற்றிய கூடம் ஒன்றும் அருகில் உண்டு. இத்தகைய கூடங்களில் அலமாரி கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கிலி, ஒரு கொக்கி. உடையைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால் அது கூரைவரை ஏறிவிடும். தரையில் இடம் மிச்சம், மேலே அனலில் ஈரம் காய்ந்துவிடும், பூட்டிவிட்டால் யாரும் எடுக்க முடியாது. இதற்கு யாரும் விருது கொடுக்கவில்லை. ஆனால் கொதிகலன் கூடத்துக் கேத்தலுக்கு இது எந்த விதத்தில் குறைந்தது? அந்தக் குளியல் கூடத்தில் 2002 முதல் நடனக் கலைஞர்கள் ஆடிப் பழகுகிறார்கள்.

கரி லயங்கள்

வெளியே வந்து சுற்றுப்புறத் தெருக்களில் நடந்தேன். சுரங்க நிறுவனம் கட்டிய தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. லயம் என்று நாம் சொல்வதுதான். ஆனால் செங்கல் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தோட்டம். காய்கறி போடுவார்கள், பன்றியும் ஆடும் வளர்ப்பார்கள். ஆட்டுக்கு 'சுரங்கத்தான் பசு' என்றே செல்லப் பெயர்! ஓய்வு நேரத்தில் புறா வளர்த்துப் பந்தயம் விடுவார்கள். நம் லயத்துக் கோழிகளும் ஆட்டுக் கொட்டகையும் முருங்கை மரமும் உங்களுக்கு நினைவு வரவில்லையா?

ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். நிறுவனத்து வீடு என்றால் வேலை போனால் வீடும் போகும் என்பது அங்கேயும் இருந்த பயம்தான். ஆனால் சுரங்கம் மூடிய பிறகும் அந்தத் தெருக்கள் நிற்கின்றன, குடும்பங்கள் வாழ்கின்றன. நம் பக்கம்? கித்தாக் காடு செம்பனைக் காடாயிற்று. செம்பனைக் காடு வீட்டு மனை ஆயிற்று. லயங்கள் மண்ணோடு போன இடங்கள் எத்தனை! பால் கொட்டகையும் புகைக் கூடமும் இருந்த இடத்தில் இன்று கார் நிறுத்தும் இடம். சில ஊர்களில் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் மட்டும் தனியே நின்று, "இங்கே ஒரு தோட்டம் இருந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஜெர்மனியில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் கடைசியானது 2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி, எஸ்ஸனுக்குப் பக்கத்து ஊரான போட்ரோப்பில் மூடப்பட்டது. கடைசியாக வெட்டிய ஒரு கரிக் கட்டியைத் தொழிலாளர்கள் நாட்டின் அதிபர் கையிலேயே கொடுத்தார்கள். ஒரு வேலை முடிகிறது என்றால் அதற்கும் ஒரு மரியாதை வேண்டும் அல்லவா?

சிங்கப்பூரில் தங்கை

இவ்வளவு தூரம் போக முடியாதே என்று ஏங்க வேண்டாம். எஸ்ஸன் காட்சிசாலைக்குச் சிங்கப்பூரில் ஒரு தங்கை இருக்கிறது. 2005ஆம் ஆண்டு மேக்ஸ்வெல் சாலையில், போக்குவரத்துப் போலீசாரின் தலைமையகமாக இருந்த பழைய கட்டடத்தில் அதைத் திறந்தார்கள். கட்டடம் முழுவதும் இரத்தச் சிவப்பு வண்ணம். சிங்கப்பூரையே 'சிறு சிவப்புப் புள்ளி' என்று சொல்வதுண்டு அல்லவா? பெயருக்கு ஏற்ற ஊர்தான். 2017ஆம் ஆண்டு காட்சிசாலை அங்கிருந்து மரினா பே பகுதிக்கு மாறியது. ஜோகூர் வழியே பிள்ளைகளோடு சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம். கடைகளில் விலையைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், ஒரு பொருளை யார், ஏன், எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கப் பழகுவார்கள்.

நம் வீட்டு அட்டை

கடைசியாக ஒன்று. கொதிகலன் கூடத்தில் நின்றபோது எனக்கு எங்கள் அம்மாவின் நினைவு வந்தது. 30 ஆண்டுகள் பால் வெட்டியவர். நாங்கள் தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த நாளில் லாரியில் இடமில்லை என்று காண்டா கம்பையும் இரண்டு வாளிகளையும் மங்குகளையும் லயத்தின் பின்புறமே போட்டுவிட்டு வந்தோம். "அதெல்லாம் இனிமே எதுக்குடா" என்று அம்மாவே சொன்னார். ஆனால் கத்தியை மட்டும் பழைய துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

ஊர் திரும்பியதும் அந்தக் கத்தியை வெளியே எடுத்துப் பார்த்தேன். வளைந்த வாய், கைக்கு அடக்கமான பிடி. பால்மரத்துப் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலே ஏறுகின்றன. அதனால்தான் இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழே சாய்வாக வெட்டுகிறோம். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம். உள்ளே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவே அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்டுபிடித்த கைகள் உங்கள் கைகள். உங்கள் அம்மாவின் கைகள். அந்த வேலைக்கென்றே வளைந்த கத்தி அது. சிவப்புப் புள்ளி கொடுக்க வேண்டுமென்றால் நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

எஸ்ஸனில் ஓர் அரசாங்கம் முன்வந்து சுரங்கத்தைக் காப்பாற்றியது. நம் தோட்டங்களுக்கு அப்படி யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் கத்தியும் மங்கும் அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆகவே நேயர்களே, இன்றைக்கே வீட்டில் தேடிப் பாருங்கள். பால் வெட்டிய கத்தி, மங்கு, நெற்றி விளக்கு, பெரட்டுக் களத்தில் எடுத்த படம், சம்பளச் சீட்டு, எது கிடைத்தாலும் வீசிவிடாதீர்கள். ஒரு துண்டு அட்டை எடுங்கள். யார் பயன்படுத்தியது, எந்தத் தோட்டம், எந்த நிரை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று தமிழில் எழுதி அதில் கட்டி வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பள்ளியில் ஒரு மேசை ஒதுக்கிக் கொடுத்தால் அதுவே ஒரு காட்சிசாலை.

எங்கள் அம்மாவின் கத்திக்கு அட்டை எழுதிவிட்டேன். பெயர், தோட்டம், 30 ஆண்டு. மூன்று வரிகள்தாம். கண்ணாடி அலமாரியில், மகளின் பள்ளிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.